புதிய விதிநூலும் பழைய மேசையும்

எந்த விளையாட்டுக்கும் உயிர் அதன் விதியே. விதியில்லாத இடத்தில் ஓட்டம் உண்டு, ஆரவாரம் உண்டு, விளையாட்டு இல்லை. காயை இவ்வாறு நகர்த்தலாம், இவ்வாறு நகர்த்தலாகாது என்று இருவர் தம்முள் உடன்படும் அந்தக் கணத்திலேதான் மரக்கட்டை யானையாகின்றது, கட்டம் போர்க்களமாகின்றது. ஆகவே விளையாட்டின் விதி என்பது ஓர் உடன்படிக்கை. அவ்வுடன்படிக்கை இடைநடுவில் மாறுமாயின், அதனை நம்பிக் கூடியிருந்தோர் என்ன செய்வர்? பழையதையே பற்றிநிற்பரா? புதியதை ஏற்பரா? அன்றிக் கூட்டமே கலைந்துவிடுமா? சிறு கேள்வி போலத் தோன்றினும், மனிதர் கூடி வாழும் இடங்களிலெல்லாம் எழுகின்ற பெருங்கேள்வி ஒன்றின் சிறுவடிவமே இது.

சதுரங்கத்தின் வரலாற்றை முதலில் நோக்குக. இன்று மேனாட்டுச் சதுரங்கத்தில் அரசி என வழங்கும் காய், பழைய பாரசீக, அரபு ஆட்டத்தில் அமைச்சனாக இருந்தது. மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரவல்ல எளிய காய் அது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளில் அது நேராகவும் மூலைவாட்டிலும் வேண்டிய தூரம் செல்லும் ஆற்றலைப் பெற்றது. பழைய ஆட்டமும் புதிய ஆட்டமும் சில காலம் அருகருகே வழங்கின. பின்னர்ப் புதியது நிலைத்தது. அரசனைக் கோட்டைக்குள் அமர்த்தும் நகர்வைப் பொறுத்தவரை, இத்தாலியர் தமக்கெனத் தனிமுறை ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை விடாது பேணினர். இம்மாற்றங்களை ஒருவரும் ஆணையிட்டு நடத்தவில்லை. சதுரங்கத்துக்கு உரிமையாளர் இலர். அதன் விதி ஊருக்கு ஊர் மெல்ல நடந்து சென்றது. தந்தை ஆடிய முறையை மகன் கைவிடுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் கிடைத்தது.

இக்காலத்து மேசை விளையாட்டுகள் பலவற்றின் நிலை வேறு. அவற்றுக்கு ஆக்கியோர் உளர், பதிப்புரிமை உண்டு, அவ்வுரிமையை உடைய வணிக நிறுவனமும் உண்டு. விதிகள் நூலாக அச்சிடப்பட்டு விலைக்கு வருகின்றன. சில ஆண்டுகள் கழிந்தபின் அந்நிறுவனம் 'புதிய பதிப்பு' என்று வேறொரு நூலை வெளியிடுகின்றது. பாடநூலின் புதிய பதிப்பிலே பிழை திருத்தமும் சில சேர்க்கைகளும் இருக்கும். விளையாட்டு நூலின் புதிய பதிப்போ சிலவேளை விளையாட்டையே மாற்றிவிடும். குறித்த ஒரு நாள் வரை ஒரு சட்டம்; மறுநாள் முதல் வேறொரு சட்டம். இத்தகைய மாற்றத்தை மீண்டும் மீண்டும் கண்ட விளையாட்டு, அமெரிக்காவிலே பிறந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதாகும். 'நிலவறைகளும் பறவைநாகங்களும்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், மினசோட்டா மாநிலத்தவரான டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் ஆக்கிய இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திப் பழங்காலப் போர்களை நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கிலிருந்து கிளைத்தது இது. முன்னையதில் ஒருவர் ஒரு படையை நடத்துவார். இதிலோ ஒருவர் ஒரேயொரு பாத்திரத்தை ஏற்பார். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர், ஒருவர் சமயகுரு. குழுவில் ஒருவர் மட்டும் பாத்திரம் ஏலாது நடுவராக அமர்வார். கற்பனை உலகை அமைப்பவரும், நிலவறை வாயிலில் நின்று நோக்கினால் என்ன தெரிகின்றது என்று சொல்பவரும் அவரே. தம் பாத்திரங்கள் என்ன செய்கின்றன என்பதை மற்றையோர் சொல்வர். வாள்வீச்சு இலக்கிற் பட்டதா, தப்பியதா என்னும் ஐயத்தை இருபது முகங்கொண்ட தாயக்கட்டை தீர்த்துவைக்கும். வென்றோர், தோற்றோர் என்ற முடிவு இதில் இல்லை. இன்று நின்ற கதை அடுத்த வாரம் தொடரும். ஆண்டுக்கணக்கிலே தொடரும் கதைகளும் உள.

விதிமாற்றம் இவ்விளையாட்டை ஏனையவற்றிலும் ஆழமாகத் தாக்குவதற்குக் காரணம் இதுவே. சதுரங்க ஆட்டம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். விதி மாறினால் அடுத்த ஆட்டத்தைப் புதுமுறையில் தொடங்கலாம். இங்கோ ஆட்டம் முடிவதேயில்லை. பாத்திரத்தின் வலிமை, உடல்நலம், கற்ற மந்திரங்கள், அணிந்த கவசம் யாவும் ஒரு தாளிலே எண்களாக எழுதப்பட்டுள்ளன. அவ்வெண்களுக்குப் பொருள் தருவது விதிநூல். நூல் மாறினால் அத்தாள் அயல்மொழியில் எழுதிய கடிதம் போலாகிவிடும். ஐந்தாண்டு காலம் பேணி வளர்த்த பாத்திரம் ஒன்று, இறவாமலே இல்லாமற் போகும் நிலை அது. ஒரு குழுவினர் புதிய பதிப்பைக் குறித்துச் சினத்தோடு வாதிடும்போது, 'வெறும் விளையாட்டுக்கா இத்தனை பேச்சு?' என்று வெளியார் நகைப்பர். அவர்கள் காப்பாற்ற முனைவது விளையாட்டை அன்று. கூடிக் கழித்த காலத்தின் நினைவை.

முதலில் வந்த விதிகள் மூன்று சிறு கைநூல்களாக ஒரு பெட்டியில் அடங்கின. பெட்டியின் விலை 10 டொலர். முதலில் ஆயத்தஞ் செய்யப்பட்டவை 1,000 பெட்டிகளே. அந்நூல்களில் சொல்லியவற்றிலும் சொல்லாது விட்டவை மிகுதி. ஆகவே நூலைப் பெற்ற ஒவ்வொரு குழுவும் இடைவெளிகளைத் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது. 'வீட்டு விதி' என்னும் வழக்கு இங்ஙனம் வேரூன்றிற்று. ஆக்கியோரும் தொடக்கத்தில் இதனை ஊக்கினர். ஆனால் 1968 முதல் நடந்துவந்த 'ஜென் கொன்' போன்ற விளையாட்டு மாநாடுகளில் இவ்வாட்டத்தைப் போட்டியாக நடத்த முற்பட்டபோது இடர் தோன்றியது. பல ஊர்களிலிருந்து வந்த அறிமுகமற்றோர் ஒரே மேசையில் அமரும்போது, யாருடைய வீட்டு விதி செல்லும்? இவ்வினாவுக்கு விடையாக 1977 முதல் 1979 வரை மூன்று பெருநூல்கள் 'உயர்நிலை' விளையாட்டு என்னும் பெயருடன் வெளிவந்தன. எங்கும் ஒரேசீரான விதி வழங்கவேண்டும் என்று கைகாக்ஸ் அக்காலத்தில் வற்புறுத்தி எழுதினார். அதே 1977இல் புதியோருக்கென எளிய பெட்டி ஒன்றும் வந்தது. 'விதி எல்லோருக்கும் பொது' என்னும் கொள்கையும், 'எங்கள் மேசை எங்கள் விதி' என்னும் வழக்கமும் அன்று தொடங்கிய இழுபறி இன்றுவரை ஓயவில்லை.

1989இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய கதைநூல்களைச் சிறு மாற்றத்தோடு பயன்படுத்தக்கூடியதாக அது வகுக்கப்பட்டதால், பல குழுக்கள் பெரிய இடரின்றி அதனை ஏற்றன. கொலையாளர், துறவிவீரர் ஆகிய இருவகைப் பாத்திரங்கள் நீக்கப்பட்டமையே உறுத்தலாயிற்று. 1997இல் விளையாட்டின் உரிமை கைமாறி 'விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட்' நிறுவனத்தைச் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பதிப்பே முதற் பெருமாற்றம் எனலாம்.

அம்மாற்றத்தின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பழைய விதியின்படி கவசத்தின் திறம் குறையும் எண்ணால் குறிக்கப்பட்டது. கவசமே அணியாதவனுக்கு 10; வளையப் பின்னற் கவசம் அணிந்தவனுக்கு 5. தாக்குவோனுக்கு 'தாக்கோ' எனப்படும் ஓர் எண் உண்டு. முதற் படியிலுள்ள மந்திரவாதிக்கு அது 20. இருபதிலிருந்து எதிரியின் கவச எண்ணாகிய ஐந்தைக் கழித்தால் பதினைந்து வரும். தாயக்கட்டையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி பட்டது என்பது முடிவு. மூன்றாம் பதிப்பு இக்கழித்தலை ஒழித்தது. வளையப் பின்னற் கவசம் அணிந்தவனின் எண் இப்போது 15. தாக்குவோன் கட்டையை உருட்டித் தன் திறமையெண்ணைக் கூட்டி, 15ஐ எட்டினால் போதும். முதற் படி மந்திரவாதியின் திறமையெண் சுழி. ஆகவே பழைய விதியிலும் புதிய விதியிலும் அவன் பெறவேண்டியது 15. இருபது முகங்களில் ஆறு முகங்கள். நூற்றுக்கு முப்பது வாய்ப்பு. பயன் மாறவில்லை, கணக்கிடும் வழி மட்டுமே மாறியது. எனினும் பல்லாண்டு கழித்தே பழகியவர்க்குக் கூட்டல் தடுமாற்றத்தைத் தந்தது; புதிதாய் வந்தவர்க்கோ கழித்தல் ஏன் இருந்தது என்பதே விளங்கவில்லை. பழக்கம் எளிமையாகத் தோன்றும், எளிமையெல்லாம் பழக்கமாயிருப்பதில்லை.

எல்லா மாற்றங்களும் இவ்வாறு கணக்கோடு நின்றுவிடுவதில்லை. பழைய உயர்நிலை விதிகளின்படி குள்ளர் இனத்தவர் மந்திரவாதியாதல் இயலாது. அவ்விதியை நம்பி நடுவர் ஒருவர் தம் கற்பனை நாட்டைக் கட்டியிருப்பார்: குள்ளர் மந்திரத்தை வெறுப்பவர், அவர்களின் மலைநகரில் மந்திரவாதி ஒருவரும் இலர், அதனாலே ஒரு போர் மூண்டது, அப்போரே மூன்றாண்டுக் கதைக்கு அடிப்படை. 2000இல் வந்த நூலோ எவ்வினத்தவரும் எத்தொழிலையும் மேற்கொள்ளலாம் என்றது. விதியை ஏற்றால் நாட்டின் வரலாறு பொய்யாகும். வரலாற்றைக் காத்தால் புதிய நூலை வாங்கிய ஆட்டக்காரர், 'நூலில் உள்ள உரிமையை எமக்கு ஏன் மறுக்கின்றீர்?' என்று கேட்பார். இங்கே மோதுவன இரண்டு எண்கள் அல்ல; நூலின் அதிகாரமும் நடுவரின் அதிகாரமுமே.

விற்பனைக்கென விரிவாக எழுதப்பட்ட கற்பனை உலகங்களுக்கும் இதே இக்கட்டு நேர்ந்தது. நிறுவனத்தார் ஒரு சுவையான வழி கண்டனர்: விதிமாற்றத்தையே கதையாக்கினர். 'பொர்கொட்டன் றெல்ம்ஸ்' என்னும் உலகில், 1989இன் மாற்றத்துக்கு விளக்கமாகத் தெய்வங்கள் மண்ணில் இறங்கித் தம்முட் பொருத குழப்பக்காலம் ஒன்று புனையப்பட்டது. நூலிலிருந்து கொலையாளர் நீக்கப்பட்டனர் அன்றோ? அக்குழப்பக்காலத்தில் அவ்வுலகத்துக் கொலையாளர் எல்லோரும் மாண்டனர் என்று கதை சொல்லிற்று. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது மந்திரக் கொள்ளைநோய் ஒன்று பரவியதாகக் கூறி, அவ்வுலகின் காலத்தை ஏறத்தாழ நூறாண்டு முன்னே தள்ளினர். மேசையைச் சுற்றியிருந்தோர் வளர்த்த மானிடப் பாத்திரங்கள் யாவும் அந்நூறாண்டில் மடிந்தவராயினர். விதிக்குப் பொருத்தமாகக் கதையை வெட்டலாம் என்று முதலில் காட்டியவர்கள், அவ்வெட்டு எவ்வளவு நோகும் என்பதை அடுத்த முறை கண்டனர்.

நான்காம் பதிப்பின் வரலாறு, விதிமாற்றம் ஒரு சமூகத்தை எங்ஙனம் பிளக்கும் என்பதற்குச் சான்று. அதன் அமைப்பே புதிது. எல்லாப் பாத்திரங்களின் ஆற்றல்களும் எப்போதும் பயன்படுபவை, ஒரு மோதலுக்கு ஒருமுறை பயன்படுபவை, ஒரு நாளுக்கு ஒருமுறை பயன்படுபவை என வகுக்கப்பட்டன. போர்க்களத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒத்த பங்கு கிடைக்கின்றது என்று போற்றியோர் உண்டு. வாளும் மந்திரமும் ஒரே அச்சில் வார்த்தவையாகிவிட்டன என்று வெறுத்தோரும் உண்டு. அன்றியும், பாணர் முதலிய சில பழைய பாத்திர வகைகள் முதல் நூலில் இடம்பெறவில்லை. அவை 2009இல் வந்த இரண்டாம் நூலிலேதான் சேர்ந்தன. குழுவில் பாணராக ஆடியவர் ஓராண்டு காத்திருப்பதா, வேறொருவராக மாறுவதா?

இந்நிலையில் 'பைசோ' என்னும் வேறொரு நிறுவனம் முன்வந்தது. மூன்றாம் பதிப்பை வெளியிட்ட காலத்தில் அதன் விதிகளைப் பிறரும் எடுத்தாளலாம் என்று உரிமையாளர் திறந்த உரிமம் ஒன்றை வழங்கியிருந்தனர். 2003இல் சற்றே திருத்தப்பட்ட அதன் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, 'பாத்பைண்டர்' என்னும் விளையாட்டை 2009இல் பைசோ வெளியிட்டது. பழைய முறையை விரும்பியோர் பலர் அங்கே சென்றனர். பழைய விளையாட்டு புதிய பெயரிலும், புதிய விளையாட்டு பழைய பெயரிலும் விற்கப்பட்ட விந்தையான காலம் அது. பத்தாண்டுக்குப் பின், 2019இல், பாத்பைண்டரும் தன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. மாற்றத்துக்கு அஞ்சி அங்கே புகுந்தோர் அதே கேள்வியை மீண்டும் எதிர்கொண்டனர்.

இனி, குழுக்கள் இம்மாற்றத்தை எங்ஙனம் கையாளுகின்றன என்பதைக் காண்போம். அவர்கள் கொள்ளும் வழிகள் பெரும்பாலும் ஐந்துள் அடங்கும். முதலாவது, பழைய நூலோடு நின்றுவிடுதல். வாங்கிய நூலை ஒருவரும் வந்து பறிக்கப்போவதில்லை. இரண்டாவது, நடக்கும் கதையைப் பழைய விதிப்படியே முடித்து, அடுத்த கதையைப் புதிய விதிப்படி தொடங்குதல். மூன்றாவது, கதையின் நடுவிலேயே பாத்திரங்களைப் புதிய விதிக்கு மாற்றியெழுதுதல். நான்காவது, புதியதில் நல்லவற்றை மட்டும் எடுத்துப் பழையதோடு இணைத்தல். ஐந்தாவது, குழுவே இரண்டாகி ஒரு வாரம் பழையதும் மறுவாரம் புதியதுமாக ஆடுதல், அல்லது ஒருசிலர் விலகுதல்.

இவற்றுள் இரண்டாவது வழியே மிகக் குறைந்த இழப்புடையது. கதை தன் இயல்பில் நிறைவெய்தும்; பாத்திரங்கள் முறையாக விடைபெறும்; புதிய நூலைப் படிக்க எல்லோர்க்கும் கால அவகாசம் கிடைக்கும். மூன்றாவது வழி இடரானது. நான்காம் வழி கவர்ச்சியுடையதாயினும் கவனம் வேண்டுவது. ஒரு விதியின் வன்மை மற்றொரு விதியின் மென்மையால் சமன்செய்யப்பட்டிருக்கும். ஒன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் சமநிலை குலையும். இத்தகைய கலப்பை மேற்கொள்ளும் குழுக்கள், எவ்விதி எந்நூலிலிருந்து கொள்ளப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. எழுதாத விதி ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு வடிவம் கொள்ளும். வாக்குவாதத்துக்கு அதனினும் சிறந்த வித்து வேறில்லை.

வழி எதுவாயினும், அதனைத் தெரிந்துகொள்ளும் முறையே குழுவின் ஒற்றுமையைக் காப்பதும் கெடுப்பதும். ஐவர் கூடும் ஒரு மேசையை எண்ணிப் பார்க்க. நடுவர் புதிய நூலை வாங்கி ஆர்வத்தோடு படித்துவிட்டார். ஒருவர் அவரோடு உடன்படுகின்றார். ஒருவர்க்குப் பழைய விதியில் ஐயமற்ற புலமை உண்டு; புதிய நூல் அவரை மீண்டும் முதல் வகுப்பில் அமர்த்திவிடும். ஒருவர்க்கு நூல் வாங்கப் பணம் இல்லை. அதைச் சொல்ல அவர் நாணுகின்றார். ஐந்தாமவர் ஒன்றும் பேசுவதில்லை. தம் பாத்திரம் தப்புமா என்பதே அவர் கவலை. இங்கே கைதூக்கச் சொல்லி எண்ணினால் மூவர்க்கு இருவர் என்ற முடிவு கிடைக்கலாம். ஆனால் அடுத்த வாரம் மேசையில் மூவர் மட்டுமே இருக்கவுங்கூடும். பாராளுமன்றத்தில் தோற்றவர் நாட்டைவிட்டு வெளியேறுவதில்லை. விளையாட்டுக் குழுவில் தோற்றவர் வீட்டிலே இருந்துவிடுவார். ஆகையால் பெரும்பான்மையை விட இசைவே இங்கு வேண்டப்படுவது.

பணத்தைப் பற்றிய பேச்சை முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுதல் நன்று. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூல்கள் மூன்று; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 டொலர். ஐவரும் மூன்று நூல்களையும் வாங்க வேண்டியதில்லை. நடுவரிடம் ஒரு தொகுதியும் மேசையில் ஆட்டக்காரர் நூல் ஒன்றும் இருந்தால் தொடங்கலாம். அவ்வாண்டில் அடிப்படை விதிகளை நிறுவனம் இலவசமாகவும் வெளியிட்டது. உழைப்பின் பங்கீடும் நினைக்கத்தக்கது. ஆட்டக்காரர் தம் பாத்திரத்துக்குரிய பக்கங்களைப் படித்தாற் போதும். நடுவரோ நூல் முழுவதையும் கற்று, தாம் அமைத்த உலகையும் திருத்தவேண்டும். ஆகவே நடுவர் மறுக்கும் மாற்றத்தை மற்றையோர் திணிப்பது முறையன்று. மற்றையோர் விரும்பாத மாற்றத்தை நடுவர் திணிப்பது பயனன்று.

தேர்ந்த குழுக்கள் கைக்கொள்ளும் சிறந்த உபாயம், வெள்ளோட்டம். நடக்கும் கதையை மூன்று நான்கு வாரம் நிறுத்திவைத்து, நேசம் வளராத புதுப் பாத்திரங்களைக் கொண்டு சிறுகதை ஒன்றைப் புதிய விதிப்படி ஆடிப்பார்ப்பர். நூலைப் படித்து எழுந்த அச்சம் பல, கட்டையை உருட்டியதும் மறைந்துவிடும். நூலிற் படித்தபோது தோன்றாத குறைகள் சிலவும் வெளிப்படும். திரும்பிப் போகும் வழி திறந்திருக்கின்றது என்று அறிந்தவன் புதிய வழியில் துணிந்து கால்வைப்பான். அவ்வாய்ப்பு இல்லையெனில், நல்லதையும் எதிர்ப்பான்.

பாத்திரங்களை மாற்றியெழுத முற்படுவோர்க்கு ஒரு நெறி உதவும்: எண்ணை மாற்றாதே, ஆளை மாற்று. 2000இல் நிறுவனம் பழைய பாத்திரங்களை மாற்றும் வழிகாட்டி ஒன்றை இலவசமாக வழங்கியது. அது கணக்குக்கு உதவும். ஆனால் பாத்திரத்தின் உயிர் கணக்கில் இல்லை. 'இக்கள்வன் எதற்குப் பேர்பெற்றவன்? எவ்வாபத்தில் எதனைச் செய்து தோழரைக் காத்தான்?' என்று முதலில் கேட்டு, அவ்விடைக்கு ஏற்பப் புதிய விதியில் அவனைப் படைத்தால், எண்கள் முற்றும் வேறாயினும் ஆட்டக்காரர் அவனை அடையாளங் காண்பார். எண்ணுக்கு எண் நேராகப் பெயர்த்தால், எல்லாம் சரியாயிருந்தும் ஆள் வேறாகிவிடுவான். மொழிபெயர்ப்போர் நன்கு அறிந்த உண்மை இது.

நிறுவனங்களும் இவ்வரலாற்றிலிருந்து பாடம் கற்றன. 2006இல் பழைய உயர்நிலை விளையாட்டின் விதிகளை வேறு சொற்களில் எழுதி ஆர்வலர் இலவசமாக வெளியிட்டனர். கைவிடப்பட்ட பதிப்புக்கு அது மறுவாழ்வு தந்தது. 2012இல் உரிமையாளரே அப்பழைய மூன்று நூல்களையும் மறுபதிப்புச் செய்தனர். அதே ஆண்டு தொடங்கி ஐந்தாம் பதிப்பின் வரைவுகளைப் பொதுமக்களிடம் கொடுத்து ஆடச்செய்து, அவர்தம் கருத்தைக் கேட்டனர். கேட்டுச் செய்த அப்பதிப்பு முன்னையவற்றிலும் பரந்த வரவேற்பைப் பெற்றது. 2023 தொடக்கத்தில் திறந்த உரிமத்தை மாற்ற முயன்றபோதோ, ஆட்டக்காரர் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். சில வாரங்களுள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை எவரும் என்றும் எடுத்தாளத்தக்க பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. 2024இல் திருத்திய நூல்கள் வந்தபோது அவற்றை ஆறாம் பதிப்பு என்று அழைக்கவில்லை. 2014இன் கதைநூல்களை இவற்றோடும் பயன்படுத்தலாம் என்றே அறிவித்தனர். பழையதை வெட்டி எறியும் துணிவு, பழையதோடு இணக்கம் காணும் பணிவாக மாறிற்று.

எல்லா விளையாட்டுகளிலும் இச்சிக்கல் ஒரே அளவினதன்று. 1981இல் தோன்றிய 'கோல் ஒவ் கதூலு' என்னும் விளையாட்டு 2014இல் ஏழாம் பதிப்பை எய்தியபோதும் அதன் அடிப்படைக் கணக்கு பெரிதும் மாறவில்லை. பழைய கதையைப் புதிய நூலோடு ஆடலாம். பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் 'வோர்ஹாமர் 40,000' விளையாட்டிலோ 2017, 2020, 2023 என மூவாண்டுக்கு ஒரு பதிப்பு வந்தது. அங்கே கடைகளிலும் போட்டிகளிலும் அறிமுகமற்றோர் எதிரெதிரே நிற்பர். ஆகவே எல்லோரும் புதியதற்கு மாறுதல் தவிர்க்கவியலாதது. அறியாதவரோடு ஆடுவோர்க்குப் பொதுவிதி வேண்டும். அறிந்தவரோடு ஆடுவோர்க்கு உடன்பட்ட விதி போதும். தம் மேசை இவற்றுள் எது என்று தெளிந்துகொண்டால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

ஆகவே புதிய பதிப்பு வரும்போது கேட்கவேண்டிய முதற் கேள்வி, 'எது சிறந்த விதி?' என்பதன்று. 'இம்மேசையில் கூடும் இவர்கள் அடுத்த ஆண்டும் கூடுவதற்கு எது உதவும்?' என்பதே. புதியதை ஏற்பதில் அறிவு உண்டு; பழையதைப் பேணுவதில் நன்றி உண்டு. இரண்டும் ஒரே குழுவில் வேறு வேறு உள்ளங்களில் இருக்கும். ஒன்று மற்றொன்றை மூடத்தனம் என்று இகழாதவரை மேசை நிலைக்கும். விதிநூலை வெளியிடுவது நிறுவனம். அதற்கு உயிர் கொடுப்பது உடன்பாடு. அவ்வுடன்பாடு அச்சகத்தில் ஆவதன்று. வாரந்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி அமரும் அந்தச் சிறு வட்டத்திலேயே ஆவது.